பேப்பர் யானையின் இடது பக்கம்

எனக்குப் படம் வரையத் தெரியாது. ஒட்டத்தான் தெரியும்.

திருத்தணி பஸ் ஸ்டாண்டிலிருந்து மலையடிவாரம் வரைக்கும் நடந்தால், இரண்டு பக்கச் சுவரிலும் கண்ணில் படுகிற போஸ்டர்களில் பாதி நான் ஒட்டியவை. சினிமா, கட்சிக் கூட்டம், காதுகுத்து, கடை திறப்பு, கண்ணீர் அஞ்சலி, எதுவானாலும் சரி. ஒரு பக்கம் கே.ஜி.கண்டிகை வரை, இன்னொரு பக்கம் அரக்கோணம் ரோட்டில் பாதி தூரம் வரை என் எல்லை. எட்டாவதோடு படிப்பை நிறுத்தியவன் நான். என் மகள் இப்போது ஏழாவது படிக்கிறாள். அவள் வயதுப் பிள்ளைகளை நினைத்துக்கொண்டுதான் இதை எழுதுகிறேன்.

பேப்பரையும் பசையையும் வைத்து ஒரு யானை செய்தோம். எப்படிச் செய்தோம் என்று கேட்டால் விவரமாகச் சொல்லிவிடுவேன். நடுவில் ஒன்று நடந்தது. அந்த மாதிரி நடந்தால் என்ன செய்ய வேண்டும் என்பதை மட்டும் எனக்குச் சொல்லத் தெரியாது.

மகள் படிப்பது மலைக்குக் கீழே உள்ள நடுநிலைப் பள்ளி. ஓவியத்துக்கு ஒரு டீச்சர் உண்டு. மணவூரிலிருந்து ரயிலில் வருவார். வெள்ளிக்கிழமை மதியம் மட்டும் இந்தப் பள்ளி, மற்ற நாட்களில் வேறு வேறு பள்ளிகள். பொங்கல் விடுமுறை முடிந்து வந்ததும், ஆண்டு விழாவுக்கு எல்லாரும் சேர்ந்து கையால் ஒன்று செய்யலாம், பேப்பரில் செய்யலாம் என்று ஏழாம் வகுப்பில் சொல்லியிருக்கிறார். வீட்டுக்கு வந்து மகள் எல்லாவற்றையும் நடித்தே காட்டினாள்.

"மயிலு செய்யலாம் மிஸ்னு பொண்ணுங்கல்லாம் சொன்னாங்க நைனா. பசங்க இன்னா சொன்னானுங்க தெரியுமா? தோகைய யாரு ஒட்டறது, உங்க மாமனாரா வந்து ஒட்டுவாருன்றானுங்க."

"அப்பறம்?"

"நம்ம மலைல சாமிக்கு எதுக்க யானதான நிக்குதுன்னு ஒருத்தன் சொன்னான். மிஸ்ஸும் சரின்ட்டாங்க. பசைக்கு இன்னா பண்றதுன்னாங்க. நான் எழுந்து, எங்க நைனா காய்ச்சுவாரு மிஸ், டிரம்மு டிரம்மா காய்ச்சுவாருன்ட்டேன்."

அப்படித்தான் நான் இதில் சேர்ந்தேன்.

மைதாவைப் பச்சைத் தண்ணீரில் கட்டியில்லாமல் கரைத்து, கொதிக்கிற தண்ணீரில் ஊற்றிக் கிண்டிக்கொண்டே இருந்தால் பசை கண்ணாடி மாதிரி ஆகும். தொழிலுக்குக் காய்ச்சும்போது அதில் மயில்துத்தம் போடுவேன். நீல நிறமாக இருக்கும், பூச்சி அண்டாது. ஆனால் அது விஷம். பிள்ளைகள் கை வைக்கப்போவதால் அதைப் போடவில்லை. "அதுக்கு பதிலா வேப்பல தண்ணில காய்ச்சேன்" என்றாள் என் மனைவி. காய்ச்சினேன். வாளியைத் திறந்ததும் வகுப்பே மூக்கைப் பிடித்துக்கொண்டது.

"இன்னா அங்கிள், கஷாயமா கொண்டாந்துகீறீங்க?"

"யானைக்கு சளி புடிச்சிருக்குதுடா, அதான்."

யானைக்கு வயிறு, தண்ணீர் கேன். கால்கள், யாரோ வீடு கட்டி மீந்த பிளாஸ்டிக் குழாய். தலைக்கு ஒரு பழைய சட்டி. தும்பிக்கைக்குத் தோட்டத்துக்குத் தண்ணீர் விடுகிற ரப்பர் டியூப், உள்ளே கம்பி. எல்லாவற்றையும் கயிற்றால் கட்டியபோது அது யானையாகத் தெரியவில்லை. குடித்துவிட்டுக் கிடக்கிற கன்றுக்குட்டி மாதிரி இருந்தது. "மேல பேப்பர் ஏறட்டும், பாருங்க" என்றார் டீச்சர்.

பேப்பர் என்னிடம் நிறைய இருந்தது. ஒட்டியது போக மிஞ்சுகிற போஸ்டர்களை மடித்து வைத்திருப்பேன். அதில் கண்ணீர் அஞ்சலித் தாள்களை மட்டும் தனியாக எடுத்து வீட்டிலேயே வைத்துவிட்டேன். சின்னப் பிள்ளைகள் கையில் அது எதற்கு? சினிமாவும் கட்சியும் கல்யாணமும் மட்டும் கொண்டு போனேன்.

"வெட்டக் கூடாது, கிழிக்கணும்" என்றார் டீச்சர். கிழித்தால் விளிம்பு மெல்லிசாகிவிடும், ஒன்றின்மேல் ஒன்று ஒட்டும்போது கோடு தெரியாது. சரிதான். ஆனால் முழுத் தாளை ஒரு சுருக்கம் விழாமல் சுவரில் ஏற்றுவது என் பிழைப்பு. நல்ல போஸ்டரை அத்தனை பிள்ளைகள் பரக் பரக்கென்று கிழித்தபோது நான் வாசல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

பிள்ளைகளுக்கோ அதுதான் கொண்டாட்டம். ஒரு பையன் ஒரு நடிகரின் முகத்தைக் கொண்டுபோய் யானையின் பின்பக்கம் வைத்தான். இன்னொரு பையன் ஓடி வந்தான்.

"டேய், எங்காளு மூஞ்சிய அங்க ஒட்டாதடா!"

"உங்காளுக்கு இங்கதான்டா எடம்."

"மிஸ், இவன் கட்சித் தலைவர வால்ல சுத்திகினு இருக்கான் மிஸ்!"

அடிதடி வந்துவிடும் போலிருந்தது. டீச்சர் கையைத் தட்டினார். "எந்த மூஞ்சியும் வெளிய தெரியக் கூடாது. எல்லாத்தையும் உள்பக்கமா திருப்பி ஒட்டுங்க. வெள்ளப் பக்கம் வெளிய இருக்கட்டும். கலர் அடிக்கவும் நல்லாருக்கும்."

அன்றிலிருந்து எல்லா முகங்களும் யானைக்குள்ளே பார்த்தபடி போயின.

இங்கே நான் ஒரு பெண்ணைப் பற்றிச் சொல்ல வேண்டும். என் மகளோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருந்தவள். அவள் அப்பா ஆட்டோ ஓட்டினார், அடிவாரத்திலிருந்து மலைக்குச் சவாரி. தீபாவளிக்கு முன்னால் ஒரு நாள் நெஞ்சு வலி என்று சொல்லி உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. அம்மா படிக்கட்டுக்குக் கீழே பூக்கடை வைத்திருக்கிறார். அதற்குப் பிறகு அந்தப் பெண் பள்ளிக்கு ஒழுங்காக வருவதில்லை. வந்தாலும் பேசுவதில்லை. கடையில் அம்மா பக்கத்தில் உட்கார்ந்து பூக் கட்டுவாள். நிறையப் பேர் போய்ச் சொல்லிப் பார்த்தார்கள். "நான் போவ வேணாம்னா சொல்றேன்? அவளுக்குத் தோணுனா போறா" என்பார் அவள் அம்மா. இப்படியே விட்டால் அந்தப் பெண்ணின் படிப்பு அவ்வளவுதான் என்று எல்லாருக்கும் தெரிந்தது.

ஓவிய டீச்சர் என் மகளிடம், "யானைக்கு ஆளு பத்தலன்னு சொல்லிக் கூட்டினு வா. படிக்கக் கூப்புடாத" என்றிருக்கிறார்.

அவள் வந்தாள். பூக் கட்டுகிற கை. ஈரப் பேப்பரை எடுத்து வைத்து ஒரு விரலால் இழுத்துவிட்டால் ஒரு குமிழ் இருக்காது. மடக்கு விழுகிற இடமெல்லாம், காது மடல், தும்பிக்கை வளைவு, பிள்ளைகள் அவளைக் கூப்பிட ஆரம்பித்தார்கள். "ஏய், இங்க வாடி, இது நிக்கவே மாட்டுது." அவள் போய் நிறுத்திவிட்டு வருவாள். யானையைப் பார்க்கவென்று அடுத்த திங்கட்கிழமை வந்தாள். அப்புறம் புதன்கிழமையும். வந்தால் மற்ற வகுப்புகளிலும் உட்கார்ந்துதானே ஆக வேண்டும்? தினமும் சாயங்காலம் மகள் செருப்பைக் கழற்றுவதற்கு முன்னாலேயே, "நைனா, இன்னிக்கும் வந்தா" என்பாள்.

ஒரு காதை மாடு தின்றதும் அந்த நாட்களில்தான். காய வேண்டும் என்று மதில்மேல் வைத்திருந்தார்கள். ஒரு பையன் மூச்சிரைக்க ஓடி வந்து, "மிஸ், காது போச்சு! மாடு மென்னுகினு நிக்குது!" என்றான். வகுப்பே வெளியே ஓடியது. எனக்கும் இந்த ஊர் மாடுகளுக்கும் பல வருடப் பகை. நான் ஒட்டிவிட்டு இந்தப் பக்கம் திரும்பினால் அந்தப் பக்கம் உரித்துத் தின்னும். வேப்பிலைக் கசப்பும் அதற்கு ஒரு பொருட்டாக இல்லை. அந்தப் பெண் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்ததை அன்றுதான் பார்த்தேன். புதுக் காதை அவளே செய்தாள்.

காது, கால் எல்லாம் முடிந்தபோது என்னிடம் பேப்பர் தீர்ந்துபோனது. வயிற்றுக்கு இன்னும் ஒரு சுற்று வேண்டும் என்றார் டீச்சர். நான் அரக்கோணம் போனேன். எனக்கு வழக்கமாகப் போஸ்டர் அச்சடித்துத் தருகிற பாய் அங்கே பிரஸ் வைத்திருக்கிறார். ஒரு வேலையைத் தொடங்கும்போது மெஷினில் முதலில் ஓடுகிற தாள்களில் நிறங்கள் ஒன்றின்மேல் ஒன்று சரியாக உட்காராது. சிவப்பு ஒரு பக்கம், நீலம் ஒரு பக்கம் விலகி நிற்கும். அதையெல்லாம் மூலையில் போட்டு வைப்பார்கள். "எடுத்துக்கப்பா, எடம் காலியாவட்டும்" என்று பாய் ஒரு கட்டைத் தூக்கிக் கொடுத்தார். மேலோட்டமாகப் புரட்டிப் பார்த்தேன். கல்யாணம், நகைக்கடை, கோயில் கும்பாபிஷேகம். கட்டியபடியே கொண்டுவந்து பள்ளியில் இறக்கினேன்.

வெள்ளிக்கிழமை. நான் பசை வாளியோடு கதவோரம் நின்றுகொண்டிருந்தேன். கிழிக்கிறவர்கள் ஒரு பக்கம் உட்கார்ந்து கிழித்தார்கள். ஒட்டுகிறவர்கள் யானையைச் சுற்றி நின்று ஒட்டினார்கள். கிழித்த துண்டுகள் நடுவில் ஒரு தட்டில் குவிந்திருந்தன. அந்தப் பெண் தட்டிலிருந்து ஒரு துண்டை எடுத்தாள். பசையில் தோய்த்தாள். தூக்கி வழித்துவிட்டவள் அப்படியே நின்றுவிட்டாள்.

முதலில் யாரும் கவனிக்கவில்லை. அவள் கையிலிருந்து பசை சொட்டிக்கொண்டே இருந்ததை என் மகள்தான் பார்த்தாள்.

"இன்னாடி?"

"எங்கப்பா" என்றாள் அவள்.

அந்தத் துண்டில் ஒரு கண்ணும் பாதி மீசையும் இருந்தன. நிறம் சேராத தாள், கிழித்தவர்களுக்கு யாரென்று அடையாளம் தெரிந்திருக்காது. மீசைக்குப் பக்கத்திலேயே இன்னொரு மீசை நீலமாக விலகி நின்றது. கீழே காக்கிச் சட்டையின் காலர். பக்கத்தில் இருந்த பையன் எட்டிப் பார்த்துவிட்டு, பாவம், அவனுக்குத் தெரிந்ததைச் செய்தான். "இது வேற யாரோடி. எல்லா போஸ்டர்லயும் இந்த மாதிரிதான் இருப்பாங்க" என்றான்.

"எங்கப்பாவ எனக்குத் தெரியாதா?"

எனக்கும் தெரிந்திருக்க வேண்டும். ஆட்டோ ஸ்டாண்டுக்காரர்கள் அச்சடித்த அந்த அஞ்சலிப் போஸ்டரை ஊர் முழுக்க ஒட்டியது நான்தான். ஆனால் ஒட்டும்போது நாங்கள் முகத்தைப் பார்ப்பதில்லை. நான்கு மூலையையும்தான் பார்ப்போம், நேராக ஏறுகிறதா என்று.

அவள் தட்டில் இருந்த துண்டுகளைக் கலைத்துப் பார்த்தாள். வேறு எதுவும் இல்லை. மெதுவாக யானையின் பக்கம் திரும்பினாள்.

"மீதிய எங்க ஒட்டுனீங்க?"

 ஒரு கை நீண்டது. இன்னொரு கை. இடது விலாவைத்தான் எல்லாக் கைகளும் காட்டின. வெள்ளையாக, ஈரமாகப் பளபளத்தது அந்த இடம்.

"மூஞ்சிய உள்ள திருப்பி ஒட்டிட்டீங்களா?"

 "வாம்மா, வெளிய வா" என்று டீச்சர் அவள் தோளில் கை வைத்தார். அவள் அசையவில்லை. என்னைப் பார்த்தாள். பசை காய்ச்சுகிறவன், போஸ்டர் ஒட்டுகிறவன், இதெல்லாம் தெரிந்தவன் என்கிற நம்பிக்கையோடு பார்த்தாள்.

"அங்கிள், எடுத்துக் குடுங்க."

நான் முழங்காலிட்டு உட்கார்ந்தேன். தண்ணீர் கொண்டுவரச் சொன்னேன். சுவரில் பழைய போஸ்டரை உரிக்க நனைத்துவிட்டு மூலையில் நகம் கொடுத்து இழுப்போம், பாளமாக வரும். அதே மாதிரி நனைத்து, நகம் கொடுத்தேன். இது சுவர் இல்லையே. மேலே ஒன்று, கீழே ஒன்று, எல்லாம் ஊறிப் பிணைந்து ஒன்றாகிவிட்டிருந்தது. இழுத்த இடத்தில் கூழாகத்தான் வந்தது. விரலில் ஒட்டிய கூழில் கொஞ்சம் காக்கி நிறம் இருந்தது. எந்தப் பக்கத்தில் விட்டு எடுத்தால் முழுசாக வரும் என்று யோசித்தேன். எந்தப் பக்கத்திலும் வராது. பசை அவ்வளவு நன்றாகக் காய்ச்சியிருந்தேன்.

"வேணாம் அங்கிள், வுடுங்க" என்றாள் அவள்.

கையில் இருந்த துண்டை யாரோ நீட்டிய நோட்டுப் பேப்பரில் பரப்பினாள். பையை மாட்டிக்கொண்டாள். ஈரம் காய்வதற்காக அந்தப் பேப்பரைத் தட்டு ஏந்துவது போல ஏந்திக்கொண்டு போய்விட்டாள்.

திங்கட்கிழமை அவள் வரவில்லை. அந்த வாரம் முழுக்க வரவில்லை.

"நீதான நைனா கொண்டாந்த அந்தக் கட்ட" என்றாள் என் மகள். அப்புறம் அவளே அழுதாள். "இப்ப இன்னா பண்றது நைனா?"

"தெரிலமா."

"பெரியவங்கதான நீங்க. தெரிலன்றீங்க."

அவள் கேட்டதில் தப்பு இல்லை. எனக்கு நல்லபடி அச்சடித்த ஒரு படமாவது கொண்டுபோய்க் கொடுத்தால் தேவலாம் என்று பட்டது. அரக்கோணம் போய் பாயிடம் விஷயத்தைச் சொன்னேன். அவர் மெஷினை நிறுத்தச் சொல்லிவிட்டு, மூக்குக் கண்ணாடியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார்.

"யா அல்லா. வேஸ்ட்டுல யாரு மூஞ்சி போவுதுன்னு நாங்க பாக்கறதில்லப்பா."

"நானும் பாக்கல பாய்."

கம்ப்யூட்டரில் தேடி எடுத்து, வழவழப்பான தாளில் நல்ல நிறத்தில் ஒரு பிரதி எடுத்துக் கொடுத்தார். அதைச் சுருட்டி எடுத்துக்கொண்டு நேராகப் பூக்கடைக்குப் போனேன். அம்மாவும் மகளும் உட்கார்ந்திருந்தார்கள். அம்மா விரித்துப் பார்த்தார். மடியில் வைத்துக்கொண்டார்.

"தப்பா எடுத்துக்காதீங்கண்ணா. இவரு படம் வூட்டுல ஒரு கட்டு கெடக்குது. ஸ்டாண்டுக்காரங்க மிச்சமானத கொண்டாந்து குடுத்துட்டாங்க. எங்க வெக்கறதுன்னு தெரியாம அரிசி டிரம்மு மேல வெச்சிகீறேன்."

"இல்லம்மா, பாப்பா…"

"படம் இல்லாததுக்கு இல்லண்ணா அவளுக்கு. எல்லாரும் சேந்து கிழிச்சாங்க இல்ல, அதுதான். வேணும்னு பண்லன்னு அவளுக்கும் தெரியும். தெரிஞ்சா மட்டும்?"

 செருப்புக் காலை மாற்றி மாற்றி வைத்துக்கொண்டு நின்றேன். அந்தப் பெண் தலையை நிமிர்த்தவில்லை. சாமந்தியைச் சேர்த்து முடி போட்டபடியே கேட்டாள்.

"யான காஞ்சிடுச்சா அங்கிள்?"

"காயலம்மா. பனியா இருக்குது இல்ல."

"வெளிய வெக்காதீங்க. மாடு வரும்."

"ஆங். உள்ளதான் இருக்குது."

 பள்ளிக்கு வாம்மா என்று ஒரு வார்த்தை சொல்லத்தான் போயிருந்தேன். சொல்லாமலே திரும்பினேன்.

அடுத்த வெள்ளிக்கிழமை வகுப்பில் யானையை யாரும் தொடவில்லை. பெயிண்ட் டப்பாக்கள் மூடியபடி இருந்தன.

"பிரிச்சிடலாம் மிஸ்" என்றான் ஒருவன்.

"பிரிச்சா அவங்கப்பாவ இன்னொரு வாட்டி கிழிக்கற மாதிரிடா."

"அப்ப வேற யான செய்யலாம்."

"இத எங்க போடறது? குப்பைலயா?"

"வேணாம்பா."

"கலர் அடிச்சிட்டா தெரியாது இல்ல?"

"இப்ப மட்டும் தெரியுதா இன்னா? தெரியாததுதான்டா பிரச்சன."

டீச்சர் என் பக்கம் வந்து தணிந்த குரலில், "எனக்கும் தெரியலங்க" என்றார். "பாடத்துல இதெல்லாம் சொல்லித் தர்ல." பிரிக்கவும் முடியாது, போடவும் முடியாது, பூசவும் முடியாது. அத்தனை பேரும் அந்த வெள்ளை யானையைச் சுற்றி உட்கார்ந்திருந்தோம். கடைசியில் எல்லாரையும் நோட்டில் ஏதாவது வரையச் சொன்னார். நான் பசை வாளியைத் திருப்பி எடுத்துக்கொண்டு வந்தேன்.

ஆண்டு விழா ஒரு சனிக்கிழமை. அதற்கு முந்தின நாள் மதியம், யானைமேல் போடத் துணி வேண்டும் என்று மகள் கேட்டதால் ஒரு பழைய வேட்டியோடு போயிருந்தேன். வாசலில் ஒரு ஜோடிச் செருப்பு அதிகமாகக் கிடந்தது. மணி அடித்த பிறகு அந்தப் பெண் தானாகவே வந்தாளாம். யாரும் கூப்பிடவில்லை. உள்ளே போனபோது அவள் யானைக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தாள்.

"எங்க எங்கன்னு காட்டுங்க" என்றாள்.

பிள்ளைகள் எழுந்து வந்தார்கள். அவரவர் ஒட்டிய துண்டு அவரவருக்கு நினைவிருந்தது. வெள்ளையாகத்தானே இருக்கிறது, எப்படித் தெரியும் என்று கேட்காதீர்கள். தெரிந்தது. "நான் இங்க. கை வரும் இங்க." "இது நெத்தி. மேல இன்னொன்னு வெச்சிட்டேன்." "இங்க வெறும் எழுத்துதான், பேரு." கட்சித் தலைவரை வாலில் சுற்றியவன்கூட மூச்சு விடாமல் நின்று காட்டினான். அவள் ஒவ்வொரு இடத்திலும் உள்ளங்கையை வைத்துப் பார்த்தாள். அங்கே நான் நகத்தால் கெடுத்த குழியும் இருந்தது. அதன் விளிம்பை விரலால் தடவிச் சமமாக்கினாள். காய்ந்துவிட்டதால் அது சமமாகவில்லை.

பிறகு திரும்பி, "யான கலர் எது மிஸ்?" என்று கேட்டாள்.

டீச்சர் வெள்ளையையும் கறுப்பையும் குழைத்துச் சாம்பல் நிறம் கலக்கிக் கொடுத்தார்.  அந்தப் பெண் காலிலிருந்து ஆரம்பித்தாள். என் மகள் இன்னொரு காலை எடுத்துக்கொண்டாள். பையன்கள் பின்பக்கம் போனார்கள். தும்பிக்கை, தலை, முதுகு, வலது பக்கம் எல்லாம் சாம்பல் ஏறியது. இடது விலாப் பக்கம் யாரும் பிரஷைக் கொண்டுபோகவில்லை. யாரும் யாருக்கும் சொல்லவில்லை. ஒரு பையனின் பிரஷிலிருந்து அந்தப் பக்கம் ஒரு துளி தெறித்தபோது அவனே சட்டைக் கையால் துடைத்துவிட்டு, யாராவது பார்த்தார்களா என்று பார்த்தான்.

பள்ளி விடுகிற மணி அடித்தது. அவள் பிரஷைக் கழுவி டப்பாவில் நிறுத்தினாள்.

"மீதிய திங்கக்கெழம அடிச்சிக்கறேன் மிஸ்."

ஆண்டு விழா மறுநாள். அது அவளுக்குத் தெரியாமல் இருக்குமா, மறந்துவிட்டாளா, எனக்கு விளங்கவில்லை. ஒரு பையன் வாயைத் திறந்தான். "ஏய், நாளைக்கி…" என் மகள் அவன் காலை நன்றாக மிதித்தாள்.

"ஐயோ!"

"ஆங், திங்கக்கெழம அடிக்கலாம்" என்றார் டீச்சர். வெள்ளிக்கிழமை மட்டும் வருகிறவர் அவர்.

விழா நாளில் யானை வகுப்பறையிலேயே வேட்டியைப் போர்த்திக்கொண்டு நின்றது. மேடைக்கு ஏன் வரவில்லை என்று தலைமையாசிரியர் கேட்டதற்கு, "இன்னும் காயல மேடம்" என்றார் டீச்சர். அத்தனை நாள் பாடுபட்ட பிள்ளைகளில் ஒருவர்கூட முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளவில்லை.

திங்கட்கிழமை அவள் வந்தாள். இடது பக்கத்தைத் தொடவில்லை. கால் நகங்களுக்கு வெள்ளை அடிக்க வேண்டும் என்றாள். அடித்தாள். செவ்வாய்க்கிழமை, தந்தம். அதற்குப் பிறகு நெற்றிப்பட்டம். நெற்றிப்பட்டத்துக்குத் தங்க நிறம் வேண்டும் என்றார்கள், வாங்கிக் கொடுத்தேன். கழுத்து மணி. மணியைக் கட்டுகிற கயிறு. தினமும் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு கொஞ்ச நேரம். வேலை இருப்பதால் வருகிறாள், வருவதால் மற்ற பாடங்களிலும் உட்கார்ந்திருக்கிறாள். இதை வகுப்பில் எல்லாரும் புரிந்துகொண்டுவிட்டார்கள். யானைக்கு என்னென்ன பாக்கி இருக்கிறது என்று கண்டுபிடிப்பதுதான் இப்போது அவர்களுடைய வேலை.

"யானைக்கு கண்ணுல மை வேணாமா?"

"கொலுசு போட்டா இன்னா?"

"ஏன், லிப்ஸ்டிக்கும் போடேன்."

இடது விலா இன்னும் வெள்ளையாகவே இருக்கிறது. ஒரு நாள் அதுவும் அடிக்கப்பட்டுவிடுமா, அவள் அடிப்பாளா, அடித்த மறுநாள் பள்ளிக்கு வருவாளா, எதுவும் எனக்குத் தெரியாது. டீச்சருக்கும் தெரியாது. நேற்று சாயங்காலம் மகள் வந்ததும் வராததுமாக என்னிடம் கேட்டாள்.

"நைனா, வாலு முடிகூட முடிச்சிட்டா. யானைக்கு இன்னும் இன்னா இருக்குது? சீக்கிரம் சொல்லு."

நானும் என் மனைவியும் அடுப்படியில் உட்கார்ந்து யோசித்துக்கொண்டிருக்கிறோம்.